எது மீளும், எது மீளாது? ட்ரோன் வீடியோவின் தரம் பற்றி

நண்பகலில் எடுத்த தேரோட்ட ஹெலிகேம் வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெரிய திரையில் ஓடவிட்டால் மூன்று குறைகள் உடனே கண்ணில் படுகின்றன. தூரத்து மலை சாம்பல் பூத்து வெளிறிக் கிடக்கிறது. கோபுரத்தின் நேர்க்கோடுகள் நெளிகின்றன. வானம் ஒரே வெள்ளை; அன்று மேகம் இருந்தது, படத்தில் அதன் தடம்கூட இல்லை. எடுத்தவர் அதை எடிட்டிங் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய், "எல்லாத்தையும் கொஞ்சம் பளிச்சுன்னு ஆக்கிடுங்க தம்பி" என்கிறார். அனுபவமுள்ள எடிட்டர் என்ன சொல்வார்? மலையைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். நெளிவை ஓரளவு நிமிர்த்தலாம். வானத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. வேண்டுமானால் வேறொரு வானத்தை ஒட்டித் தரலாம்.

பார்க்கிறவருக்கு இது தலைகீழாகப் படும். மூன்றில் மிக மோசமாகத் தெரிவது அந்த மலைதான். வெள்ளை வானம் பலருக்குக் குறையாகவே தோன்றாது. ஆனால் எது மீளும் என்பதைக் கண் முடிவு செய்வதில்லை. தகவல் சென்சாரில் பதிவாகி, வேறொன்றோடு கலந்து கிடக்கிறதா, அல்லது பதிவாகவே இல்லையா என்பதுதான் கேள்வி. கலந்ததைப் பிரிக்க வழி உண்டு. பதிவாகாததைப் பிரித்தெடுக்க வழியில்லை. ட்ரோன் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடும் 4கே, 5.4கே என்ற எண்களுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. 8கே கேமராவிலும் அதே வெள்ளை வானம்தான் வரும். கூடுதல் பிக்சல்களில் வரும், அவ்வளவுதான்.

மலையிலிருந்து தொடங்கலாம். மலைக்கும் கேமராவுக்கும் நடுவே சில கிலோமீட்டர் காற்று இருக்கிறது. காற்றின் மூலக்கூறுகள் குறைந்த அலைநீளமுள்ள ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். ரேலே கண்ட விதிப்படி இந்தச் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும். கணக்குப் போட்டால், 450 நானோமீட்டர் நீல ஒளி 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேல் சிதறும். தூரத்து மலைகள் நீலமாகத் தெரிவது இதனால்தான். காற்றில் தூசும் ஈரமும் புகையும் சேர்ந்துவிட்டால் கதை மாறும். அந்தத் துகள்கள் மூலக்கூறுகளைவிடப் பன்மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. நீலம் போய் வெளிறிய சாம்பல் வருகிறது.

இதற்கு ஒரு எளிய கணித வடிவம் 1924-லேயே கிடைத்துவிட்டது. ஹரால்ட் கோஷ்மீடர் என்ற ஜெர்மன் வானிலை ஆய்வாளர், கண்ணுக்கு எவ்வளவு தூரம் வரை தெரியும் என்ற கேள்வியை ஆராயும்போது எழுதிய சமன்பாடு அது. கேமராவுக்கு வரும் ஒளியில் இரண்டு பங்குகள் உண்டு. ஒன்று, மலையிலிருந்து கிளம்பி வழியில் தேய்ந்து வந்து சேரும் ஒளி. மற்றொன்று, நடுவிலுள்ள காற்று சூரிய ஒளியை வாங்கித் தன் பங்குக்குக் கேமராவின் பக்கம் சிதறவிடும் ஒளி. தூரம் கூடக்கூட முதல் பங்கு குறையும், இரண்டாவது ஏறும். மலையின் ஒளி அழியவில்லை, காற்றின் ஒளியோடு கூட்டப்பட்டிருக்கிறது. கூட்டியதைக் கழித்தால் மலை திரும்பக் கிடைக்கும்.

எவ்வளவு கழிப்பது என்பதில்தான் சிக்கல். அது ஒவ்வொரு பிக்சலின் தூரத்தையும் பொறுத்தது. ஒற்றைப் படத்தில் தூரம் எழுதியிருப்பதில்லை. 2009-இல் கைமிங் ஹீ, ஜியான் சுன், சியாவோவ் டாங் ஆகிய மூவர் இதற்குக் கண்ட வழி, படித்ததும் இவ்வளவுதானா என்று நினைக்க வைப்பது. கணினிப் பார்வைத் துறையின் பெரிய மாநாடான சிவிபிஆரில் அந்த ஆண்டு சிறந்த கட்டுரைக்கான விருது அதற்குத்தான். அவர்கள் கவனித்தது இது: மூட்டமில்லாத வெளிப்புறப் படத்தில் எந்தச் சிறு துண்டை எடுத்தாலும், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒன்று அந்தத் துண்டுக்குள் எங்கேனும் பூஜ்யத்தை ஒட்டிப் போயிருக்கும். இலைக்கொத்தில் நிழல் இருக்கும். சிவப்புப் புடவையில் நீலம் இருக்காது. வானம் மட்டும் விதிவிலக்கு. அப்படியானால், பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு மதிப்பு தெரிந்தால், அந்த மதிப்பு முழுவதும் காற்று சேர்த்தது. அதுவே அந்த இடத்தின் மூட்டத்துக்கு அளவுகோல். துண்டு துண்டாக இதைக் கணக்கிட்டால் மூட்டத்தின் வரைபடமே கிடைத்துவிடுகிறது. தூரத்தின் தோராயமான வரைபடமும் கூடவே வருகிறது.

வெள்ளையடித்த சுவர், வெள்ளைப் பந்தல், அலையின் நுரை இவற்றிடம் இந்த முறை ஏமாந்துபோகும். அவற்றில் மூன்று நிறங்களுமே உச்சத்தில் இருப்பதால், பக்கத்தில் உள்ள வெள்ளைச் சுவரையும் அடர்ந்த மூட்டம் என்று எண்ணிக் கறுக்கடித்துவிடும். எடிட்டிங் மென்பொருளில் டீஹேஸ் என்ற ஸ்லைடரைக் கடைசி வரை இழுத்தவர்களுக்கு இந்த விகாரம் தெரிந்திருக்கும். அதை எந்த முறையில் எழுதியிருந்தாலும் அதற்குள் இருப்பது இதுபோன்ற ஓர் ஊகம்தான்.

இன்னொரு விலையும் உண்டு. மலையின் ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் கேமராவுக்கு வந்தது என்றால், காற்றின் பங்கைக் கழித்த பிறகு மீதியைப் பத்தால் பெருக்க வேண்டும். அதில் கலந்திருந்த புள்ளி இரைச்சலும் பத்து மடங்காகும். 8 பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு மொத்தம் 256 படிகள். மலைக்குக் கிடைத்தது அதில் ஏறக்குறைய 25. அந்த 25 படிகளை முழு அளவுக்கு இழுத்தால் இடையிடையே பிளவு விழும், சரிவுகளில் பட்டை பட்டையாகத் தெரியும். 10 பிட்டில் பதிவு செய்திருந்தால் மொத்தம் 1024 படிகள். அதே மலைக்கு நூறு படிகள் இருந்திருக்கும். 10 பிட்டின் பயன் சாதாரணமாகப் பார்க்கும்போது தெரியாது, இப்படி இழுக்கும்போதுதான் தெரியும்.

மழை விட்ட மறுநாள் காலை பறந்தால் இந்தப் பாட்டில் பாதி மிச்சம். தூசு கழுவப்பட்டிருக்கும், அந்தக் காலைக்கு ஈடான மென்பொருள் கிடையாது. போலரைசர் ஃபில்டரும் உதவும் என்பார்கள். உதவும்தான், ஆனால் ட்ரோனில் அதற்கு ஒரு தொல்லை. வானத்து ஒளி சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் மிகுதியாக முனைவுற்றிருக்கும். ட்ரோன் திரும்பும்போதெல்லாம் அந்தக் கோணம் மாறும்; மேலே போய் ஃபில்டரைச் சுழற்ற ஆள் இல்லை. அகன்ற லென்ஸில் வானத்தின் ஒரு பாதி கருநீலம், மறுபாதி வெளிர்நீலம் என்று வந்து நிற்கும்.

இப்போது வானம். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலையும் மழையில் வைத்த குடம் என்று கொள்ளலாம். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒளித்துகள்கள் விழுந்து எலக்ட்ரான்களாகச் சேர்கின்றன. குடம் நிரம்பிவிட்டால் அதற்குமேல் விழுவது கணக்கில் வராது. நண்பகல் மேகமும் அதன் பக்கத்து வானமும் வெவ்வேறு பிரகாசம் உடையவைதாம். ஆனால் இரண்டு குடங்களும் தளும்பிவிட்டதால் இரண்டுக்கும் 255 என்றே எழுதப்பட்டிருக்கிறது. 255-இலிருந்து 255-ஐக் கழித்தால் மேகம் வராது. மலை கூட்டப்பட்டிருந்தது, மேகம் துண்டிக்கப்பட்டது. இரண்டு குறைகளுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

அப்படியானால் குறைத்து எக்ஸ்போஸ் செய்துவிட்டு, இருட்டான பகுதியைப் பிறகு தூக்கிக்கொள்ளலாமே? செய்யலாம், செய்யவும் வேண்டும். வெள்ளையாகிவிடப் போகும் இடத்தில் வரிவரியாகக் காட்டும் ஸீப்ரா வசதி பெரும்பாலான ட்ரோன் செயலிகளில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு பறப்பது நல்ல பழக்கம். ஆனால் இருட்டைத் தூக்கும்போது புள்ளி இரைச்சல் கிளம்பும். அதற்குக் கேமராவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஒளியே சீராக வருவதில்லை. ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 100 ஒளித்துகள் வரவேண்டும் என்றால், ஒரு முறை 92 வரும், இன்னொரு முறை 109 வரும். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டியது: 100 துகளுக்கு 10, அதாவது 10 சதவீதம். 10,000 துகளுக்கு 100, வெறும் 1 சதவீதம். எந்த நிறுவனம் எந்தச் சென்சாரைச் செய்தாலும் இந்த விதியைத் தாண்ட முடியாது. இரைச்சலைக் குறைக்க ஒரே அடிப்படை வழி, அதிக ஒளி சேர்ப்பது. அதற்குப் பெரிய லென்ஸ் திறப்பு வேண்டும், அல்லது அதிக நேரம் வேண்டும், அல்லது பெரிய சென்சார் வேண்டும்.

பெரிய சென்சார் என்றதும் எடை வந்து நிற்கிறது. சென்சார் பெரிதானால் அதை மூடும் லென்ஸ் பெரிதாகும், அதைத் தாங்கும் கிம்பல் பெரிதாகும், பேட்டரியும் பெரிதாகும். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை; அதைப் பறக்கவிட ரிமோட் பைலட் உரிமம் வேண்டாம். வேறு பல நாடுகளிலும் 250 கிராமில் ஒரு கோடு இருக்கிறது. ட்ரோன் நிறுவனமான டிஜேஐ தன் மினி வரிசையை 249 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டதன் பின்னணி இதுதான். 2019-இல் வந்த முதல் மேவிக் மினியில் 1/2.3 அங்குலம் எனப்படும் சென்சார். அதன் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். 2021-இல் வந்த மேவிக் 3-இல் ஃபோர் தேர்ட்ஸ் அளவு, சுமார் 225 சதுர மில்லிமீட்டர், எட்டு மடங்கு. அந்த ட்ரோனின் எடையோ 900 கிராமை ஒட்டியது. படத்தின் தரத்தைச் சட்டத்தின் ஒரு எண் தீர்மானிக்கும் விந்தை இது. இடையில் உள்ள 1 அங்குலச் சென்சாரை அளந்து பார்த்தால் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் வராது. மூலைவிட்டமே 16 மில்லிமீட்டர்தான். பழைய தொலைக்காட்சிக் கேமராக்களின் கண்ணாடிக் குழாய்க்கு வெளி விட்டம் சொன்ன காலத்து அளவுமுறை, குழாய் போன பிறகும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சென்சாரை மாற்ற முடியாதவர்களின் கையில் மீதமிருப்பது நேரம். ஒரு ஃப்ரேமுக்கு ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதில் சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு, ஃப்ரேம் நேரத்தில் பாதி. ஃபிலிம் கேமராவில் பாதி வெட்டிய வட்டத் தட்டு ஒன்று சுழன்று ஒளியை விட்டும் மறைத்தும் கொடுத்ததால் வந்த பழக்கம். 180 டிகிரி ஷட்டர் என்று பெயர். 24 ஃப்ரேமுக்கு 1/48 செகண்ட், 25-க்கு 1/50. அந்த நேரத்தில் ஓடும் தேர்ச்சக்கரம் ஃப்ரேமுக்குள்ளேயே சிறிது இழுபடும். அடுத்தடுத்த ஃப்ரேம்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். 1/2000-இல் எடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் கத்திபோல் இருக்கும், ஆனால் ஓட்டம் வெட்டி வெட்டி நகரும். கூட்டத்துக்கு மேலே தாழ்வாகப் பறக்கும் ஷாட்களில் இந்த வெட்டு கண்ணை உறுத்தும்.

நம் ஊர் வெயிலில் 1/50 வைப்பது லேசில்லை. புகைப்படக்காரர்களின் பழைய கணக்கு ஒன்று உண்டு: நல்ல வெயிலில் லென்ஸ் திறப்பு எஃப் 16 என்றால் ஷட்டர், ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 100-க்கு 1/100. ட்ரோன் லென்ஸ் எஃப் 2.8 என்று வைத்துக்கொண்டால் அது ஐந்து ஸ்டாப் அதிகமாகத் திறந்தது. 32 மடங்கு ஒளி உள்ளே வரும். ஷட்டர் 1/3200-க்குப் போய்விடும். அதை 1/50-க்குக் கொண்டுவர ஒளியை 64-இல் ஒரு பங்காக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்க வேண்டியது என்டி 64 ஃபில்டர். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் சாம்பல் கண்ணாடி. மாலை வெயில் தாழ்ந்ததும் என்டி 16, என்டி 8 என்று இறங்கலாம். திறப்பைச் சுருக்கி எஃப் 11-க்குப் போய்விட்டால் ஃபில்டர் வேண்டாமே என்று கேட்கலாம். பல சிறு ட்ரோன்களில் திறப்பு மாறாது. மாறும் ட்ரோன்களிலும் எஃப் 11-இல் ஒளி, துளையின் விளிம்பில் விலகிப் பரவி, ஒரு புள்ளியைச் சுமார் 15 மைக்ரான் அகல வட்டமாக்கிவிடும். பிக்சலின் அகலமோ 2, 3 மைக்ரான். படம் மொத்தமும் மழுங்கிவிடும். சாம்பல் கண்ணாடிதான் மேல்.

25 ஃப்ரேமா, 30 ஃப்ரேமா என்பதில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். இருக்கக் கூடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சீரியல் செட்டிலும் மலிவான எல்இடி விளக்குகளிலும் வெளிச்சம் செகண்டுக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் 1/50 என்றால் சென்சாரின் ஒவ்வொரு வரியும் மிகச் சரியாக இரண்டு ஏற்ற இறக்கங்களைப் பிடிக்கும். எல்லா ஃப்ரேமும் ஒரே பிரகாசத்தில் வரும். அமெரிக்க வழக்கப்படி 30 ஃப்ரேம், 1/60 என்று வைத்தால் ஒன்றே முக்கால் ஏற்ற இறக்கத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிபடும். எந்த இடத்தில் தொடங்கியது என்பதைப் பொறுத்து வெளிச்சம் கூடும், குறையும். மண்டபத்தின் முகப்பு முழுக்கக் கரும்பட்டைகள் ஊர்ந்து போகும். இதைப் பின்னால் நீக்குவதற்கென்று விலை கொடுத்து மென்பொருள் வாங்குகிறார்கள். ட்ரோனைக் கிளப்பும் முன் ஒரு செட்டிங்கை மாற்றினால் முடிந்தது.

கோபுரத்தின் நெளிவு இதே வரிகளின் வேலை. பெரும்பாலான கேமராக்களில் சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் படிக்கப்படுவதில்லை. மேல்வரியில் தொடங்கி ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கும். ஒரு ஃப்ரேமைப் படித்து முடிக்க 10 முதல் 30 மில்லிசெகண்ட் வரை ஆகும். படத்தின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் உண்மையில் வெவ்வேறு நேரத்துக் காட்சிகள். ட்ரோனின் விசிறி நிமிடத்துக்கு 6000 சுற்று சுழல்வதாகக் கொண்டால் செகண்டுக்கு 100 சுற்று. அதன் ஓர் இறக்கை நுனி கொஞ்சம் உடைந்து எடை மாறியிருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் உடல் ஒரு முறை உதறும். படிக்க 20 மில்லிசெகண்ட் ஆகும் கேமரா, ஒரு ஃப்ரேமுக்குள் இரண்டு உதறல்களைப் பிடிக்கும். நேரான தென்னை மரம் இரண்டு வளைவோடு நிற்கும். அடுத்த ஃப்ரேமில் வளைவுகள் இடம் மாறும். ஜெல்லோ என்று பறப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

கிம்பல் இருக்கும்போது இது ஏன் வருகிறது? கிம்பலின் மூன்று மோட்டார்களும் ட்ரோன் சாய்வதையும் திரும்புவதையும் ஈடுகட்டுபவை. அதில் அவற்றின் திறமை வியக்க வைக்கும். பல சிறு ட்ரோன்களுக்குச் சொல்லப்படும் பிழை 0.01 டிகிரி. 24 மில்லிமீட்டருக்குச் சமமான லென்ஸில் கிடைமட்டப் பார்வை சுமார் 74 டிகிரி. 4கே படத்தில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 52 பிக்சல். ஆக 0.01 டிகிரி என்பது அரைப் பிக்சல். ஆனால் செகண்டுக்கு 100 முறை வரும் பொடி உதறலை எதிர்த்து அந்த மோட்டார்களால் ஆட முடியாது. அந்த வேலை கிம்பலை உடலோடு இணைக்கும் சின்ன ரப்பர் குமிழ்களுடையது. விரலால் அழுத்திப் பார்த்தால் மெத்தென்று அமுங்க வேண்டும். வெயிலில் இறுகிப்போன ரப்பர் உதறலை அப்படியே கேமராவுக்குக் கடத்தும். ஜெல்லோ வந்ததும் கேமராவைச் சந்தேகிப்பவர்கள் முதலில் விசிறியைத் தடவிப் பார்க்கட்டும். நுனியில் ஒரு சிறு வெட்டு அகப்படும். புது விசிறிக்கு ஆகும் செலவு ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டைத் தாண்டாது.

ஓட்டுபவர் கேமராவின் கண்ணால் பார்த்தபடியே பறக்கவிடும், கிம்பலே இல்லாத எஃப்பிவி ட்ரோன்களில் நெளிவை மென்பொருள் நிமிர்த்துகிறது. கேமராவில் உள்ள ஜைரோஸ்கோப் செகண்டுக்குப் பல நூறு முறை கோணத்தை எழுதிவைக்கும். எந்த வரி எந்தக் கணத்தில் படிக்கப்பட்டது என்பதும் தெரியும். ஒவ்வொரு வரியையும் அந்தக் கணத்துக் கோணத்தைக் கொண்டு எதிர்த்திசையில் திருப்பி வைத்தால் மரம் நிமிர்ந்துவிடும். ஜைரோஃப்ளோ என்ற இலவசத் திறமூல மென்பொருள் இதை அருமையாகச் செய்கிறது. இதுவும் கலந்ததைப் பிரிக்கும் வேலைதான்: அசைவு படத்தோடு கலந்திருக்கிறது, அசைவின் பதிவு தனியாகக் கையில் இருக்கிறது. ஆனால் ஷட்டர் திறந்திருந்த நேரத்துக்குள் ஏற்பட்ட இழுபடலை இது நீக்காது. கோபுரம் அசையாமல் நிற்கும், அதன் சிற்பங்கள் மட்டும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மங்கித் தெளியும். அதனால் இப்படிப் பின்னால் நிலைப்படுத்தப்போகும் வீடியோவுக்கு 180 டிகிரிக் கணக்கு பொருந்தாது. ஷட்டரை வேகப்படுத்தியே எடுக்க வேண்டும். இணையத்தில் பாடம் நடத்துகிற பலர் இந்த விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

வரிவரியாகப் படிப்பதன் தொல்லையை நாசாவின் பொறியாளர்கள் வேறு விதமாகக் கையாண்டார்கள். 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயில் எழும்பிய இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரில் இரண்டு கேமராக்கள். நமக்கு வண்ணப் படம் அனுப்பியது 13 மெகாபிக்சல் கேமரா. அது வரிவரியாகப் படிப்பது. தரையைப் பார்த்து வழி கண்டுகொண்டு பறக்கப் பயன்பட்டதோ 640-க்கு 480 பிக்சல் மட்டுமே உள்ள கறுப்பு வெள்ளைக் கேமரா. ஆனால் அதில் எல்லாப் பிக்சலும் ஒரே கணத்தில் மூடும். எங்கே இருக்கிறோம் என்பதைக் கணக்கிடப் பிக்சல்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் நேரம் ஒன்றாக இருப்பதே முக்கியம்.

இத்தனைக்கும் பிறகு படம் மெமரி அட்டைக்குப் போகும் வழியில் இன்னொரு பெரிய கழிவு நடக்கிறது. 4கே ஃப்ரேமில் சுமார் 83 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு 3 பைட், செகண்டுக்கு 30 ஃப்ரேம் என்றால் 746 மெகாபைட். அட்டையில் ஏறுவதோ, 100 மெகாபிட் வேகத்தில், செகண்டுக்கு 12.5 மெகாபைட். அறுபதில் ஒரு பங்கு. நிற விவரத்தில் நம் கண் அவ்வளவு கூர்மை இல்லை என்பதால் நிறத் தகவலில் பெரும்பகுதியை முதலிலேயே விட்டுவிடுகிறார்கள், சுமை பாதியாகிறது. மிச்சத்துக்கு உதவுவது, பெங்களூரில் பிறந்த நஸீர் அகமதுவின் யோசனை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1972-இல் இதற்கு நிதி கேட்டு விண்ணப்பித்தார். யோசனை மிக எளிதாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். தன் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே.ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974-இல் கட்டுரையாக வெளியிட்டார். படத்தைச் சிறு சதுரங்களாக்கி, ஒவ்வொரு சதுரத்தையும் மென்மையானதும் நுணுக்கமானதுமான கொசைன் அலைகளின் கூட்டாக எழுதி, கண் கவனிக்காத நுணுக்க அலைகளைக் கைவிடும் முறை அது. ஜேபெக் படத்திலும் எச்.264, எச்.265 வீடியோவிலும் இன்றைக்கும் உள்ளே ஓடுவது அதன் வழிவந்த கணிதம்தான்.

கழிவு எல்லா ஷாட்டுக்கும் ஒரேபோல் இல்லை. அசையாத கட்டடத்தில் முந்தைய ஃப்ரேமையே பெரும்பாலும் மீண்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். காற்றில் அலையும் நெல்வயலிலும் கொட்டும் அருவியிலும் முந்தைய ஃப்ரேம் உதவாது. எல்லாமே புதிது, கொடுத்த பிட்டுகள் போதாது, பயிர் குழம்பிப்போய்ச் சதுரம் சதுரமாகத் தெரியும். அங்கே நுணுக்கம் தூக்கி எறியப்பட்டுவிட்டது, மீளாத வகை. கேமராவுக்குள் இருக்கும் ஷார்ப்னஸைக் குறைத்து வைத்தால் சற்று நிலைமை மாறும். செயற்கையாக விளிம்புகளைக் கீறிவிட்டால், அந்தக் கீறல்களைச் சேமிக்கவும் பிட்டுகள் செலவாகின்றன. ஷார்ப்னஸ் வேண்டுமென்றால் வீட்டில் வந்து ஏற்றிக்கொள்ளலாம்.

கடைசியாகச் செயற்கை நுண்ணறிவு. இரண்டு வேறுபட்ட வேலைகள் இந்த ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. ஒன்று, பல ஃப்ரேம்களைச் சேர்த்துப் பார்ப்பது. ட்ரோன் அசையாமல் நிற்கிறது. நான்கு ஃப்ரேம்களைப் பொருத்திச் சராசரி எடுத்தால் இரைச்சல் பாதியாகும், வர்க்கமூல விதிப்படி. உண்மையில் ட்ரோன் முற்றிலும் அசையாமல் நிற்பதில்லை, ஒவ்வொரு ஃப்ரேமும் அரைப் பிக்சல், கால் பிக்சல் நகர்ந்திருக்கும். அந்த நகர்வு ஒரு வரம். ஒரு ஃப்ரேமில் இரண்டு பிக்சலுக்கு நடுவே விழுந்த விவரம், அடுத்த ஃப்ரேமில் பிக்சலின் மேலேயே விழும். ஒரே நிலத்தை மீண்டும் மீண்டும் எடுத்த லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை முன்வைத்து சாய், ஹுவாங் என்ற இருவர் 1984-இலேயே இதைக் கணிதமாக எழுதிவிட்டார்கள். இங்கே கிடைக்கும் கூடுதல் தெளிவு உண்மையானது, வேறு ஃப்ரேம்களில் பதிவாகியிருந்தது.

மற்றொன்று, ஒற்றைப் படத்தைப் பெரிதாக்கி நடுவில் நிரப்புவது. லட்சக்கணக்கான வேறு படங்களைப் பார்த்துப் பயின்ற நரம்பு வலைப்பின்னல், இந்த இடத்தில் இலை இருந்தால் எப்படி இருக்கும் என்று ஊகித்து வரைகிறது. அந்த இலை அந்த மரத்தில் இருந்ததில்லை. 2020-இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் பல்ஸ் என்ற நிரலுக்கு ஒபாமாவின் மங்கலான சிறு படத்தைக் கொடுத்தபோது, அது மிகத் தெளிவான ஒரு வெள்ளையரின் முகத்தைத் திருப்பித் தந்தது. கல்யாண வீடியோவில் வேப்பமரத்துக்கு யாரோ ஒரு மரத்தின் இலைகள் வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அழகாக இருந்தால் சரி.

பாலத்தில் விரிசல் தேடும் பொறியாளருக்கு அது ஆகாது. நிரல் விரிசலைப் பூசி மறைத்தாலும் ஆபத்து, கறையை விரிசலாக வரைந்தாலும் ஆபத்து. அவருக்கு வேண்டியது வேறு கணக்கு. 24 மில்லிமீட்டருக்குச் சமமான லென்ஸ், தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலத்தைப் பார்க்கும். 30 மீட்டர் தள்ளி நின்றால் 45 மீட்டர். 3840 பிக்சலால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 12 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் விரிசல் அதில் தெளிவாகப் பிடிபட வழியில்லை. 5 மீட்டருக்கு நெருங்கினால் அகலம் ஏழரை மீட்டர், பிக்சலுக்கு 2 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதே கான்கிரீட் துண்டின் மேல் இப்போது 36 மடங்கு பிக்சல்கள் விழுகின்றன. காற்று அடிக்காத நேரம் பார்த்து, விசிறி தூணில் மோதாத இடைவெளி விட்டு, மெதுவாகப் போக வேண்டும். பேட்டரி இரண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.